பழைய டவுன்டவுன் ஆபீஸ் டவரை காண்டோவா மாத்தணுமா? முதல்ல டேப்பை எடுங்க

காண்டோன்னா ஒவ்வொரு ஃபிளாட்டையும் தனித்தனியா சொந்தத்துக்கு விக்குற கட்டடம். அப்படி மாத்தறதுக்கு முதல் தடவை பில்டிங் பார்க்கப் போறப்ப லாபியில நிக்காதீங்க. விளையாட்டுக்குச் சொல்லல. அமெரிக்காவுல 1920கள்ல கட்டின ஆபீஸ் டவர்னா லாபியில மார்பிள், பித்தளை லிஃப்ட் கதவு, வேலைப்பாடு பண்ணின சீலிங்னு கண்ணைப் பறிக்கும், ப்ரோக்கரும் வேணும்னே அங்கயே நிறுத்தி வெச்சு பத்து நிமிஷம் கதை விடுவார், அதுல மயங்கிட்டீங்கன்னா அதுக்கப்புறம் எந்தக் கணக்கும் மண்டையில ஏறாது. நேரா நடு மாடி ஒண்ணுக்குப் போங்க, காலியா கிடக்குற மாடியா பார்த்து ஜன்னல் ஓரத்துல டேப்பை வெச்சு லிஃப்ட் கோர், அதாவது லிஃப்டும் படிக்கட்டும் இருக்குற நடுப்பகுதியோட சுவர் வரைக்கும் இழுங்க. அந்த ஒரு நம்பர்தான் பாதி கதையைச் சொல்லிடும்.

25ல இருந்து 30 அடிக்குள்ள வந்தா சந்தோஷப்படலாம். ஜன்னல் பக்கம் ஹாலும் பெட்ரூமும், அதுக்குப் பின்னாடி கிச்சன், பாத்ரூம், துணி அலமாரி, அதுக்கும் பின்னாடி காரிடார், அவ்வளவுதான் ஒரு வீடு. 40 அடின்னா நல்ல ஆர்க்கிடெக்ட் கையில கொடுத்து சமாளிக்கலாம், வீடு கொஞ்சம் ரயில் பெட்டி மாதிரி நீளமா வரும். 50க்கு மேல போச்சுன்னா நடுவுல இருட்டா ஒரு பெரிய இடம் மிஞ்சும், அதை "ஹோம் ஆபீஸ்", "மீடியா ரூம்"னு ப்ரோஷர்ல பேர் வெச்சு விக்கப் பார்ப்பாங்க, வாங்க வர்றவங்க ஒண்ணும் குழந்தைங்க இல்ல.

இதுல ஒரு வேடிக்கை, பில்டிங் எவ்வளவு பழசோ அவ்வளவு ஈசி. ஏசியும் ட்யூப்லைட்டும் வர்றதுக்கு முன்னாடி ஆபீஸ்ல வேலை பார்க்குறவனுக்கும் ஜன்னல் வெளிச்சமும் காத்தும்தான் கதி, அதனால அந்தக் காலத்து டவரை யு ஷேப், ஹெச் ஷேப், இல்ல நடுவுல வெளிச்சத்துக்குக் குழி விட்டுன்னு ஒல்லியா கட்டினாங்க. நியூயார்க்ல 1915ல எக்விடபிள் பில்டிங் தெருவையே நிழல்ல முக்கினப்புறம் 1916ல ஜோனிங் சட்டம், அதாவது எந்த இடத்துல எப்படிக் கட்டலாம்னு சொல்ற சட்டம் போட்டு மேல போகப் போக உள்ள தள்ளித்தான் கட்டணும்னுட்டாங்க. அந்தப் படிக்கட்டு மாதிரி ஷேப் இன்னைக்கு நமக்கு லாட்டரி, மேல் மாடி எல்லாம் சின்ன ஃப்ளோர், நாலு பக்கமும் ஜன்னல், தள்ளின இடமெல்லாம் டெரஸ். 1960, 70ல வந்த கண்ணாடிப் பெட்டி டவர்தான் தலைவலி. நியூயார்க்ல 180 வாட்டர் ஸ்ட்ரீட்ல நடுவுலயே ஒரு முற்றம் வெட்டி, அதுல போன சதுர அடியை மொட்டை மாடியில புது மாடிகளா ஏத்தி வாடகை வீடா மாத்தினாங்க. பாரம்பரியக் கட்டடத்துல அந்த வித்தையெல்லாம் சுலபமா விட மாட்டாங்க, ஏன்னு கீழ சொல்றேன்.

அடுத்தது, அந்த பில்டிங்குக்கு என்ன அந்தஸ்து இருக்குன்னு பாருங்க. ரெண்டு விஷயத்தை எல்லாரும் போட்டுக் குழப்பிக்கிறாங்க. நேஷனல் ரெஜிஸ்டர்ல, அதாவது ஃபெடரல் அரசோட பாரம்பரிய இடங்கள் பட்டியல்ல பேர் இருக்குன்னா அது மரியாதை, கூடவே டாக்ஸ் கிரெடிட்டுக்கு (கட்ட வேண்டிய வரியில கழிச்சுக்குற தொகை) வாசல், ஆனா அது மட்டும் இருந்தா உங்க சொந்தக் காசுல நீங்க என்ன இடிச்சாலும் ஃபெடரல் அரசு தடுக்காது. நகரத்தோட லேண்ட்மார்க் லிஸ்ட்ல இருந்தாத்தான் கையைக் கட்டும், ஜன்னல் மாத்தக்கூட நகர லேண்ட்மார்க் கமிஷன் முன்னாடி போய் நிக்கணும். நியூயார்க்ல பழைய பென் ரயில் ஸ்டேஷனை 1963ல இடிக்க ஆரம்பிச்சதைப் பார்த்து வயித்தெரிச்சல்ல 1965ல வந்த சட்டம் அது. சில பில்டிங்ல ரெண்டும் இருக்கும், சிலதுல லாபிக்கு மட்டும் தனியா லேண்ட்மார்க் இருக்கும். வாங்குறதுக்கு முன்னாடி வக்கீல்கிட்ட எழுத்துல வாங்கிடுங்க.

ஓனர் எத்தனை பேர்னும் பாருங்க. ஃபிளாட்அயர்ன் பில்டிங் தெரியும்ல, 1902ல கட்டின முக்கோண பில்டிங், அதோட பங்குதாரங்களுக்குள்ள ஒத்துப் போகாம கடைசியில 2023ல ஏலத்துக்கு வந்துச்சு. மார்ச்ல 190 மில்லியன் டாலருக்கு ஒருத்தர் ஏலம் எடுத்தார், 10 சதவீத டெபாசிட் கட்டவே இல்ல, மே மாசம் மறுபடி ஏலம் விட்டு பழைய பங்குதாரங்கள்ல சிலரே 161 மில்லியனுக்கு எடுத்தாங்க, அப்புறம்தான் காண்டோ பிளானே வந்துச்சு. பங்காளிச் சண்டை எந்த ஊர்லயும் பங்காளிச் சண்டைதான்.

இப்ப டாக்ஸ் கிரெடிட். இங்கதான் பாதிப் பேர் வழுக்கி விழுறாங்க, அதனால கொஞ்சம் நிதானமா சொல்றேன்.

அங்கீகாரம் பெற்ற பாரம்பரியக் கட்டடத்தை விதிப்படி புதுப்பிச்சா, தகுதியான செலவுல 20 சதவீதம் ஃபெடரல் கிரெடிட். 40 மில்லியன் செலவு பண்ணினா 8 மில்லியன், 2017ல சட்டம் மாறினதுல இருந்து அதையும் மொத்தமா தர மாட்டாங்க, வருஷத்துக்கு 1.6 மில்லியனா 5 வருஷம். செலவும் சும்மா பெயின்ட் அடிச்சா ஆகாது, பில்டிங்கோட அட்ஜஸ்டட் பேசிஸைத் தாண்டணும். அதாவது 30 மில்லியனுக்கு வாங்கி அதுல நிலம் மட்டும் 6 மில்லியன்னா மிச்சம் 24 மில்லியனுக்கு மேல 24 மாசத்துக்குள்ள செலவு பண்ணணும், கட்டம் கட்டமா செய்யப் போறோம்னு முன்னாடியே பிளான் கொடுத்திருந்தா 60 மாசம் கிடைக்கும். பல மாநிலங்கள்ல இதுக்கு மேல மாநில கிரெடிட்டும் உண்டு.

எல்லாம் சரி, ஆனா இந்த கிரெடிட் வருமானம் தர்ற கட்டடத்துக்குத்தான். வாடகை வீடு, ஆபீஸ், ஹோட்டல், கடை ஓகே. காண்டோ கட்டி நேரா குடியிருக்குறவங்களுக்கு வித்தா அது உங்களுக்கு சரக்கு, சொத்து இல்ல, கிரெடிட் கிடையாது. சரி வாங்கிட்டு சத்தமில்லாம வித்துடலாம்னு நினைச்சா, புழக்கத்துக்கு வந்த முதல் வருஷத்துக்குள்ள வித்தா முழு கிரெடிட்டையும் திருப்பிக் கட்டணும், அதுக்கப்புறம் வருஷா வருஷம் 20 சதவீதமா குறையும், 5 வருஷம் முடிஞ்சாத்தான் விடுதலை. நானே ஒரு மீட்டிங்ல பார்த்தேன், கடன் கொடுக்குறவங்க முன்னாடி போட்ட எக்செல்ல ஒரு வரியில 20 சதவீத கிரெடிட், அதுக்கு ரெண்டு வரி கீழ 18வது மாசத்துல காண்டோ விற்பனை, ரெண்டும் ஒரே ஷீட்ல ஜம்முனு உக்காந்திருக்கு, அதுவரைக்கும் அந்த ஷீட்டை எத்தனையோ பேர் பார்த்தாச்சு, ஒருத்தரும் கேக்கல.

அதனால வழி மூணு. ஒண்ணு, கிரெடிட்டே வேணாம்னு விட்டுட்டு நேரா விக்குறது, இருக்குறதுலயே காஸ்ட்லி ஏரியாவுல இது ஒத்து வரும். ரெண்டு, 5 வருஷம் வாடகைக்கு விட்டுட்டு அப்புறம் காண்டோவா விக்குறது. என் ஓட்டு பெரும்பாலும் இதுக்குத்தான், ஆனா ஆரம்பத்துலயே காண்டோ தரத்துல கட்டணும், ஒவ்வொரு வீட்டுக்கும் தனி மீட்டர், தனி வால்வு, சவுண்டு தடுப்பு எல்லாம் அப்பவே, பின்னாடி சுவரை உடைச்சுப் போட முடியாது. கூடவே அந்த ஊர்ல வாடகைக்கு இருக்குறவங்களுக்கு என்ன உரிமைன்னு பாருங்க, பல இடங்கள்ல காண்டோவா மாத்துறதுக்கு முன்னாடி மாசக்கணக்குல நோட்டீஸ் கொடுக்கணும், முதல்ல வாங்குற உரிமையும் அவங்களுக்கே உண்டு. மூணாவது, கீழ கடைகளையும் சில ஆபீஸ் மாடிகளையும் தனி யூனிட்டா நீங்களே வெச்சுக்கிட்டு மேல மட்டும் விக்குறது, அப்ப கிரெடிட் எவ்வளவு தேறும்னு அதுக்குன்னே இருக்குற டாக்ஸ் வக்கீல்தான் சொல்லணும், ஒண்ணு விட்ட மாமா பையன் சிபிஏ (ஆடிட்டர்)ன்னு அவன்கிட்ட கேட்டுட்டு இறங்காதீங்க.

கிரெடிட் வேணும்னா மூணு பார்ட் அப்ளிகேஷன், மாநில பாரம்பரிய ஆபீஸ் வழியா ஃபெடரல் அரசோட நேஷனல் பார்க் சர்வீஸுக்குப் போகும். பார்ட் 1 இது பாரம்பரியக் கட்டடம்தான்னு, பார்ட் 2 நாங்க இதைத்தான் செய்யப் போறோம்னு, பார்ட் 3 செஞ்சு முடிச்சாச்சுன்னு. பார்ட் 2 அப்ரூவல் வர்றதுக்கு முன்னாடி ஒரு கதவைக்கூட கழட்டாதீங்க. எங்க டீம்லயே நடந்துச்சு, ஒரு மாடியில டெமாலிஷன் ஆளுங்க "க்ளீன் பண்றோம்"னு காரிடார்ல இருந்த பழைய ஆபீஸ் கதவுங்களை, மங்கல் கண்ணாடியில கம்பெனி பேர் தங்க எழுத்துல எழுதியிருந்த கதவுங்க, கழட்டி டம்ப்ஸ்டர்ல போட்டுட்டாங்க. நல்லவேளை ஒரு இன்டர்ன் பொண்ணு முந்தின வாரமே ஒவ்வொரு கதவையும் போட்டோ எடுத்து நம்பர் போட்டு வெச்சிருந்துச்சு, ராத்திரியோட ராத்திரியா டம்ப்ஸ்டர்ல இறங்கி எடுத்தோம், நாலு கதவு போச்சு.

பார்க் சர்வீஸ்காரங்க எதைப் பார்ப்பாங்கன்னா, வெளி முகப்பு, லாபி, லிஃப்ட் முன்னாடி இருக்குற இடம், மார்பிள் பதிச்ச காரிடார், பெரிய படிக்கட்டு, இதுல கை வெச்சா விட மாட்டாங்க. வாடகைக்காரங்க மாறி மாறி ஏற்கனவே நாசம் பண்ணின உள் அறைகள்ல உங்களுக்கு சுதந்திரம் அதிகம். நடுவுல முற்றம் வெட்டுறது, தெருவுல இருந்து தெரியுற மாதிரி மேல மாடி ஏத்துறது ரெண்டும் பெரிய தடை, மேல கட்டினா பொதுவா ஒரே மாடி, அதுவும் உள்ள தள்ளி, தெருவுல நின்னு பார்த்தா கண்ணுல படக்கூடாது. காரிடார் இருந்த இடத்துலயே இருக்கணும்னா வீட்டோட ஆழம் அங்கயே முடிவாயிடுது, அதனாலதான் முதல்லயே டேப் எடுக்கச் சொன்னேன். தேவைக்கு மேல இருக்குற பழைய கதவுங்களைத் திறக்காத மாதிரி அடிச்சு, பின்னாடி சுவர் வெச்சுடலாம், காரிடார்ல நடந்தா பழைய ஆபீஸ் மாதிரியே இருக்கும், உள்ள வேற வீடு. லிஃப்ட் பக்கத்துல கண்ணாடி முகம் வெச்ச கட்லர் மெயில் சூட் இருந்தா, 1883ல பேட்டன்ட் வாங்கின சமாச்சாரம், மேல் மாடியில லெட்டரைப் போட்டா கண்ணாடி வழியா விழுறது தெரியும், அதை சீல் பண்ணி அப்படியே விடுங்க. வாங்க வர்றவங்க கிச்சன் கல்லை விட அதைத்தான் போட்டோ எடுப்பாங்க.

ஸ்ட்ரக்சர்ல ஒரு நல்ல செய்தி. ஆபீஸுக்கு சதுர அடிக்கு 50 பவுண்டு லைவ் லோடு (ஆளும் சாமானும் ஏத்துற பாரம்), வீட்டுக்கு 40 போதும், அதனால தூண், பீம் பெரும்பாலும் தாங்கும். கெட்ட செய்தி தரையில இருக்கு. அந்தக் காலத்து டவர் நிறையதுல ஸ்டீல் பீமுக்கு நடுவுல சுட்ட மண்ணுல செஞ்ச உள்கூடு பிளாக்கை ஆப்பு மாதிரி ஒண்ணையொண்ணு நெருக்கி அடுக்கிக் கட்டியிருப்பாங்க, கீழ இருந்து பார்த்தா தட்டையா தெரியும், ஆனா அது வேலை செய்யுறது ஆர்ச் மாதிரி, ஒண்ணு ஒண்ணைத் தள்ளிப் பிடிச்சுக்கிட்டு நிக்குது. பிளம்பர் வந்து "ஒரு ஆறு இன்ச் ஓட்டைதானே சார்"னு மிஷினை வெச்சா பக்கத்து பிளாக்கும் சேர்ந்து இறங்கும். ஆபீஸ்ல ஒரு மாடிக்கு ரெண்டு டாய்லெட், அதுவும் நடுவுல. வீடுன்னா ஒவ்வொண்ணுக்கும் கிச்சன், ரெண்டு பாத்ரூம், வாஷிங் மிஷின்னு மாடிக்கு எத்தனை ஓட்டைன்னு நீங்களே எண்ணிக்கோங்க. அதனால பாத்ரூம் மேல பாத்ரூம், கிச்சன் மேல கிச்சன்னு மேல இருந்து கீழ வரைக்கும் நேர்கோட்டுல வர்ற மாதிரி பிளான் போட்டு, பைப்பை முடிஞ்சவரை தூண் ஓரமா இறக்குங்க, ஓட்டை போடுற ஒவ்வொரு இடத்துலயும் கீழ் சீலிங்கைத் திறந்து ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் கண்ணால பார்த்து மார்க் பண்ணட்டும்.

லிஃப்ட் விஷயத்துல லாபம். காலையில ஒன்பது மணிக்கு மொத்தக் கூட்டமும் ஏறணும்னு ஆபீஸுக்கு நிறைய லிஃப்ட் வெச்சிருப்பாங்க, வீட்டுக்கு அத்தனை வேணாம், காலியாகுற ஷாஃப்ட்ல டக்ட், கரண்ட் கேபிள், குப்பை சூட் எல்லாம் இறக்கிடலாம். இது முக்கியம், ஏன்னா முகப்புல புதுசா காத்து ஜாலி போட விட மாட்டாங்க, கிச்சன் புகையும் பாத்ரூம் எக்ஸாஸ்டும் மேல மாடி வரைக்கும் நேரா ஏறித்தான் போகணும். துணி காய வைக்க வென்ட் இல்லாத ஹீட் பம்ப் டிரையர் போட்டுடுங்க, ஒரு பிரச்சினை குறையும்.

வெளிச்சுவரை வாங்குறதுக்கு முன்னாடியே செக் பண்ணுங்க, பின்னாடி இல்ல. டெரகோட்டா, அதாவது சுட்ட களிமண் பீஸ் பதிச்ச முகப்புன்னா ஆளைத் தொங்குற தொட்டில மேல இருந்து இறக்கி ஒவ்வொரு பீஸையும் சின்ன சுத்தியலால தட்டிப் பார்க்கணும், நல்லதா இருந்தா கணீர்னு கேக்கும், உள்ள விட்டுப்போயிருந்தா டொக்குன்னு செத்த சத்தம் வரும், பானை வாங்குறப்ப தட்டிப் பார்ப்போமே, அதே டெஸ்ட்தான். உள்ள இருக்குற ஸ்டீல் துருப்பிடிச்சா பல மடங்கு ஊதும், ஊதி முன்னாடி இருக்குற டெரகோட்டாவை வெளிய தள்ளும், ஒரு நாள் தெருவுல விழும். நியூயார்க்ல 1979ல ஒரு காலேஜ் பொண்ணு அப்படித்தான் செத்துப் போச்சு, அதுக்கப்புறம்தான் ஆறு மாடிக்கு மேல இருக்குற கட்டடத்துக்கெல்லாம் 5 வருஷத்துக்கு ஒரு தடவை முகப்பு சோதனைங்குற சட்டமே வந்துச்சு.

ஆஸ்பெஸ்டாஸ், ஈயப் பெயின்ட் ரெண்டும் இருக்குன்னே வெச்சுக்கோங்க, 1950ல இருந்து 70கள் வரைக்கும் யாராவது ரிப்பேர் பண்ணியிருந்தா ஜன்னல் சந்துல அடைச்ச பூச்சுல பிசிபிங்குற நச்சு ரசாயனம் இருக்கலாம். இடிக்குறதுக்கு முன்னாடி ஆஸ்பெஸ்டாஸ் சர்வே சட்டப்படி கட்டாயம், அந்தச் செலவை ஓரமா வைக்காம பட்ஜெட்டுக்குள்ளயே போடுங்க.

பில்டிங் கோடு, அதாவது கட்டட விதிகள் பக்கம் சுருக்கமா. ஆபீஸ்ல இருந்து வீடுன்னா உபயோக வகை மாறுது, அது மாறினாலே ஸ்பிரிங்க்ளர், ரெண்டு படிக்கட்டு, ஃபயர் அலாரம் எல்லாத்தையும் புதுக் கண்ணோட பார்ப்பாங்க. வெளிச்சம், காத்துக்கு ஊருக்கு ஊர் விதி உண்டு, பொதுவா இன்டர்நேஷனல் பில்டிங் கோடுல இயற்கை வெளிச்சத்துக்கு அறையோட தரைப் பரப்புல 8 சதவீதம் கண்ணாடி, ஜன்னல் வழியாவே காத்துன்னா திறக்குற அளவு 4 சதவீதம். வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவுல சத்தம் கடத்தாத ரேட்டிங் 50 இருக்கணும், காண்டோன்னா அதைத் தாண்டியே போங்க, மேல் வீட்டு ஹீல்ஸ் சத்தத்துல ஆரம்பிச்ச கேஸ் எத்தனையோ. ஜோனிங்ல உங்க ஊர் என்ன சலுகை தருதுன்னும் பாருங்க. லாஸ் ஏஞ்சலிஸ் 1999ல டவுன்டவுனுக்குன்னு ஒரு மறுபயன்பாட்டு சட்டம் கொண்டு வந்து புது பார்க்கிங் கட்ட வேணாம்னு தளர்த்தினதாலதான் அங்க காலியா கிடந்த பில்டிங் எல்லாம் உயிர் பிடிச்சது, 1930ல கட்டின பச்சை நீல டெரகோட்டா ஈஸ்டர்ன் கொலம்பியாவுல 147 காண்டோ வந்தது அதுக்கப்புறம்தான்.

விக்குற பக்கம் வருவோம். உங்ககிட்ட வாங்குறவங்களுக்கு பேங்க் கடன் கிடைக்கலேன்னா வீடு அப்படியே நிக்கும். புதுசா மாத்தின காண்டோன்னா, பேங்க்கிட்ட இருந்து வீட்டுக் கடன்களை வாங்குற ஃபேனி மே நிறுவனம் பொதுவா பாதி யூனிட் வித்திருக்கணும், இல்ல அக்ரிமென்ட்ல இருக்கணும்னு கேக்கும், அதுவும் முதலீட்டுக்கு வாங்குறவங்க கணக்குல வராது, குடியிருக்கவோ ரெண்டாவது வீடாவோ வாங்குறவங்கதான். கடை, ஆபீஸ் பரப்பு 35 சதவீதத்தைத் தாண்டக்கூடாதுன்னும் இருக்கு, கீழ பத்து மாடியை ஆபீஸாவே விட்டுட்டோம்னு சொல்றவங்க இந்தக் கணக்கை முதல்லயே போடணும். கீழயும் மேலயும் தனித்தனி வான்வெளி மனையா, அதாவது ஒரே கட்டடத்துக்குள்ள வேற வேற சொத்தா பிரிச்சு எழுதுற வழியும் இருக்கு, ஆனா அப்ப டெரகோட்டா ரிப்பேர் செலவை யார் எவ்வளவு தரணும்னு டிக்ளரேஷன்ல (பதிவு பண்ற விதிப் பத்திரம்) வரி வரியா எழுதுங்க, "பொதுச் செலவு"ன்னு ஒரே வார்த்தையில முடிச்சுட்டீங்கன்னா சண்டை நிச்சயம்.

விலை விஷயத்துல தலைக்கனம் வேணாம். உல்வொர்த் பில்டிங், 1913, ஒரு காலத்துல உலகத்துலயே உயரமான கட்டடம், 2012ல மேல 30 மாடியை மட்டும் 68 மில்லியனுக்கு வாங்கி காண்டோவா மாத்தினாங்க, கீழ ஆபீஸ் ஆபீஸாவே ஓடுது. உச்சியில இருக்குற பென்ட்ஹவுஸுக்கு 110 மில்லியன் கேட்டாங்க, கடைசியில 2023ல போனது 30 மில்லியனுக்கு. சிகாகோ ட்ரிப்யூன் டவர்ல, 1925ல முடிச்சது, தாஜ்மஹால்ல இருந்து வந்த துண்டு உட்பட உலகத்துக் கல்லெல்லாம் சுவர்ல பதிச்சிருக்கும், அதுல 162 காண்டோ. மேல இருக்குற ஒரு யூனிட்டோட கனவு விலையில மொத்த ப்ராஜெக்டையும் தொங்க விடாம, நடு மாடி ரெண்டு பெட்ரூம் என்ன விலைக்குப் போகும்னு வெச்சு கணக்குப் போடுங்க, அதுல நிக்கலேன்னா நிக்காது.

ஒப்படைக்குறப்ப ஓனர்ஸ் போர்டுக்கு ஒரு ஃபைல் கொடுங்க. எந்தத் தரையில எங்க ஓட்டை போட்டிருக்கோம்ங்குற டிராயிங், முகப்பு சோதனை ரிப்போர்ட், ரிசர்வ் ஃபண்டுக்கு வருஷா வருஷம் எவ்வளவு போடணும்ங்குற கணக்கு, பார்ட் 3 வாங்கியிருந்தா அந்தக் கடிதம். உடைஞ்ச டெரகோட்டாவுக்குப் போட்ட மோல்டு பேஸ்மென்ட்ல எந்த ரூம்ல, எந்த ரேக்ல இருக்குன்னு ஒரு பேப்பர்ல எழுதி முதல் பக்கத்துலயே பின் அடிச்சுடுங்க, அஞ்சு வருஷம் கழிச்சு தொட்டில ஆள் இறங்குறப்ப முதல்ல அதைத்தான் தேடுவாங்க.